பிறந்த வீட்டு மூக்கு

மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவளிடம் எல்லோரும் கேட்பது, வலித்ததா என்று. வலித்தது. ஆனால் அதைச் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை. ஒரு மூக்கை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதையும், வருடா வருடம் பணம் கட்டி வாங்கிய இன்ஷூரன்ஸ் கார்டு அவசரத்துக்கு என்ன லட்சணத்தில் உதவியது என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுத மாட்டார்கள். கம்பெனிக்காரர்கள் எழுதினால் யாருக்கும் புரியாது. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். வீடு ஆனையூரில். கணவர் டவுனில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடையில் மேனேஜர். மேனேஜர் என்றால் கடையைத் திறப்பதும் அவர்தான், பூட்டுவதும் அவர்தான் என்று அர்த்தம். ஒரே மகள், பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருந்தாள். எனக்கு எப்போதிருந்தோ மூக்கடைப்பு. ஒரு பக்கம் எப்போதும் அடைத்திருக்கும், மறுபக்கம் மனது வைத்தால் திறக்கும். வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பாடம் நடத்துவேன். பானிபட் போர் முடிவதற்குள் தொண்டை வறண்டுவிடும்.

இதற்கு வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. ஸ்டாஃப் ரூமில் நொச்சி இலை, பக்கத்து வீட்டில் கற்பூரவல்லி, காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் மிளகு. சொல்கிற யாருக்கும் மூக்கு அடைத்ததில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். எல்லாவற்றையும் செய்தேன். ஆவி பிடித்துப் பிடித்து முகம் வெந்ததுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை மாலை சமையலறை மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே போயிருந்த மகள் வாசலில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்தினாள்.

"அம்மா, கேஸ் வாடை ஒனக்குத் தெரியலையா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுப்பின் குமிழ் சரியாக மூடாமல் அரை மணி நேரமாகக் கசிந்திருக்கிறது. இருட்டுகிறதே என்று நான் அப்போதுதான் லைட் சுவிட்சைப் போட எழுந்தேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று நான் நடுங்கியதுபோல என் வாழ்க்கையில் நடுங்கியதில்லை. சாவதைப் பற்றிக்கூட அல்ல. அவள் ஒரு நிமிடம் பிந்தி, நான் சுவிட்சைப் போடுகிற நேரத்தில் உள்ளே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நடுங்கினேன். மறுநாளே கணவர் டாக்டரிடம் பெயர் பதிந்தார்.

கே.கே. நகரில் காது மூக்கு தொண்டை டாக்டர். காத்திருக்கும் அறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், எதிரே டிவியில் அதே டாக்டர் மூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவரை நேரில் பார்த்த நேரத்தைவிட டிவியில் பார்த்த நேரம்தான் அதிகம். உள்ளே போனதும் கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டார். பிறகு சி.டி. ஸ்கேன். விஷயம் இதுதான்: இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கிற குருத்தெலும்புச் சுவர் எனக்கு இடது பக்கம் வளைந்து வழியை அடைத்திருக்கிறது. உள்ளேயிருக்கும் சதை மடிப்புகளும் வீங்கிவிட்டன. சுவரை நேராக்கி, சதையைக் குறைக்க வேண்டும். வெளியே தழும்பு இருக்காது, மூக்கின் வடிவமும் மாறாது. டாக்டர் இதைச் சொன்ன விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய குறையெல்லாம் கீழே கவுண்டரில் இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைக் கேட்கவில்லை. "கார்டா, கேஷா?" என்றுதான் கேட்டாள். கேஷ் என்றால் ஒரு விலை. கார்டு என்றால் அறை, தியேட்டர், மயக்க மருந்து டாக்டர் என்று தனித்தனியாகப் போட்டு, அதைவிடக் கணிசமாகக் கூடுதலான ஒரு விலை, ஒரு லட்சத்தைத் தொட்டது.

என் கணவர் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். "ரெண்டுக்கும் ஒரே மூக்குதானம்மா?" என்று கேட்டார்.

"கார்டுக்கு டாரிஃப் வேற சார்."

எங்களிடம் கார்டு இருந்தது. கணவரோடு படித்த ஒருவர் அதை எங்கள் தலையில் கட்டியிருந்தார். "மாப்ள, கார்ட நீட்டுனாப் போதும், ஒன் கையிலேருந்து ஒத்தப் பைசா போகாது" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டு சொன்னவர். இப்போது ஃபோன் செய்தால் "மாப்ள, மீட்டிங்ல இருக்கேன்" என்றார். ஆபரேஷன் முடிந்து தையல் கரைகிற வரைக்கும் அந்த மீட்டிங் முடியவில்லை.

பாலிசியின் பின்பக்கத்து எறும்பு எழுத்துகளை நானே உட்கார்ந்து படித்தேன். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அழகுக்காக மூக்கைத் திருத்தினால் எந்தக் காலத்திலும் காசு கிடையாது. மூச்சுக்காக என்றால், எங்கள் பாலிசியில் முதல் இரண்டு வருடம் கிடையாது, அதற்கப்புறம் உண்டு. ஆனால் பாலிசி எடுப்பதற்கு முன்னாலேயே இருந்த நோய் என்றால் மூன்று வருடம் முடிய வேண்டும், அதுவும் எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. அதாவது நோய் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், வெறும் சளி மூக்கு எப்போது நோயாக மாறியது என்று எனக்கே தெரியாது. சளி பிடிப்பதும் விடுவதுமாகத்தான் எல்லோரையும்போல இருந்தேன். மூக்கு அடைக்க ஆரம்பித்த நாளை யாரும் காலண்டரில் குறித்து வைப்பதில்லை. அதற்காக இந்த டாக்டருக்கு முன் வேறு ஒரு டாக்டரிடமும் நான் போனதில்லை.

கம்பெனி முதலில் கேட்ட கேள்வி, இது அழகுக்காகவா என்று. நாற்பத்தேழு வயதில் என் மூக்கின் அழகைப் பற்றி ஒரு கம்பெனியாவது கவலைப்பட்டதே என்று இருந்தது. டாக்டர் மூச்சுக்காகத்தான் என்று எழுதி, ஸ்கேனையும் அனுப்பினார். முதல் கட்டமாக ஒரு தொகைக்கு ஒப்புதல் வந்தது. கணவர் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

இந்த இடத்தில் மதினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதினி என்றால் என் கணவரின் அக்கா. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பும் வயலுமாக வாக்கப்பட்டவர். அவருக்கும் திருமங்கலத்தில் இருக்கும் என் அம்மாவுக்கும் நடுவில், என் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வழக்கு நடக்கிறது. என் மூக்கு யாருடையது என்பதுதான் வழக்கு. பிறந்த வீட்டிலேயே இருந்த கோளாறை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பது மதினி கட்சி. பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண்ணை ஆனையூர்த் தூசியில் கொண்டுபோய்ப் போட்டு மூக்கைக் கெடுத்துவிட்டார்கள் என்பது அம்மா கட்சி. காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் எதுவானாலும் பந்தியில் உட்கார்ந்த கையோடு வாதம் தொடங்கும். நடுவில் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சாப்பிடுவது என் வேலை.

ஆபரேஷன் அன்று காலை மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். வருடக்கணக்கில் கழற்றாதது, நர்ஸ் சோப்பு போட்டுத் திருகினாள். மதினி அதை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "பத்தரமா இருக்கும், போயிட்டு வா" என்றார். தியேட்டருக்குள் குளிர். மேலே விளக்கு. மயக்க மருந்து டாக்டர் யாரோ வாங்கிய மனையின் பட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். டீச்சரிடம் போய் எண்ணச் சொல்கிறாரே என்று நினைத்ததுதான் கடைசி.

கண் விழித்தபோது இரண்டு மூக்கிலும் அடைப்பு வைத்திருந்தார்கள். பேக்கிங் என்கிறார்கள். ரத்தம் வராமல் இருக்கவும் சுவர் நகராமல் இருக்கவும் பஞ்சுபோன்ற ஒன்றைத் திணித்து வைப்பது. முகத்துக்குள் ஒரு தலையணை புகுந்ததுபோல இருக்கும். எச்சில் விழுங்கினால் காது அடைக்கும். வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மகள் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கணவர் டம்ளரில் ஸ்ட்ரா போட்டு, நான் உறிஞ்சும்போதெல்லாம் தானும் வாயைக் குவித்தார். மதினி வீட்டிலிருந்தே கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தார். அந்தக் கஞ்சியைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்க்க வராமல் இருப்பது பெரிய தப்பு. வருகிறவர்கள் ஹார்லிக்ஸ், பிரெட், ஆப்பிள் எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, நோயின் கதையை முதலிலிருந்து கேட்பார்கள். சொல்கிறவர் அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்தவருக்குச் சாதாரண சளி என்று சொன்னால் மரியாதையாக இருக்காது. ஆளுக்கொரு சுற்று நோய் வளர்ந்து, சாயங்காலத்துக்குள் நான் பிழைத்ததே ஆச்சரியம் என்கிற அளவுக்கு வந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மகள் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு இளைஞன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான முகம்.

"இப்ப எப்படி இருக்காங்கம்மா?" என்றான்.

"வாங்க தம்பி, ஒக்காருங்க" என்று மதினி நாற்காலியை இழுத்துப் போட்டார். என் பள்ளியிலிருந்து வந்தவன் என்று அவர் நினைத்தார். கணவரின் கடையிலிருந்து வந்தவன் என்று நான் நினைத்தேன்.

"ரொம்ப நாளா இருக்காம்மா இந்தத் தொந்தரவு?"

மதினியிடம் கேட்கக்கூடாத ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறது என்றால் அது இதுதான்.

"நாளா? வருசக்கணக்கு தம்பி" என்று ஆப்பிளை நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார். "பொறந்ததுலேருந்தே இப்படித்தான். அவுக ஆத்தா வீட்டுல மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாக. மணவறையிலயே வாயத் தொறந்துதான் மூச்சு விட்டா. கல்யாண ஆல்பம் இருக்கு, பாத்தியன்னா தெரியும், அம்புட்டுப் போட்டாவுலயும் வாய் தொறந்துதான் இருக்கும். இந்தாங்க, ஆப்பிள் சாப்பிடுங்க."

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். வாயைத் திறந்தால், மயக்கத்தில் குழாய் விட்டுப் புண்ணான தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. யாரோ ஒரு கடைப் பையனிடம் என் மானம் போகிறதே என்பதுதான் அப்போதைய கவலை. மதினி என் கையைப் பார்த்துவிட்டு, "தண்ணி கேக்குறா" என்று ஸ்ட்ராவை வாயில் வைத்தார். பிறகு அம்மா கட்சியின் பொய்களை ஒவ்வொன்றாக உடைத்தார். அவன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தான். ஆப்பிளை முடித்து ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க டீச்சர்" என்று கிளம்பினான்.

"நல்ல புள்ள" என்றார் மதினி.

அடைப்பை எடுத்த நாளைப் பற்றி ஒரு வரி போதும். மூளையை நூல் கட்டி இழுப்பதுபோல இருந்தது, இழுத்து முடிந்ததும் குளிர்ந்த காற்று இரண்டு பக்கமும் உள்ளே போனது. ஒரு நிமிடம் எனக்கு எல்லோரையும் பிடித்திருந்தது.

டிஸ்சார்ஜ் என்று காலையில் சொன்னார்கள். பையெல்லாம் கட்டி, கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கம்பெனியிலிருந்து அப்ரூவல் வரவேண்டும் என்றார்கள். சாப்பாட்டு நேரம் போனது. சாயங்காலம் கவுண்டர்ப் பெண் வந்து, முன்னால் தந்த ஒப்புதலையும் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது என்றாள். முழுப் பில்லையும் கட்ட வேண்டும். கையுறை, பஞ்சு, முகக் கவசம், ஃபைல் அட்டை என்று எனக்குத் தெரியாமல் நான் உபயோகித்த சாமான்கள் ஒரு பக்கம். "இப்ப கேஷ்தானம்மா, கேஷ் வெல போடுங்க" என்றார் கணவர். கார்டில் அட்மிட் ஆனால் கார்டு விலைதான் என்றாள். வீட்டில் வேறு பணம் இல்லை. மகள் கல்லூரிச் சேர்க்கைக்கு என்று டெபாசிட்டை உடைத்து வைத்திருந்த பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம். மாதக் கடைசிக்குள் அவளுக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். ஆட்டோவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் சேந்துக்கிறேம்மா" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதற்கு மூக்கு அடைத்தே கிடந்திருக்கலாம்.

கம்பெனியின் கடிதம் பிறகு வந்தது. "நோயாளியின் நெருங்கிய உறவினர் அளித்த தகவலின்படி" நோய் பிறவியிலிருந்தே இருப்பதாகவும், அதை மறைத்துப் பாலிசி எடுத்ததாகவும் எழுதியிருந்தார்கள். அப்போதுதான் அந்த நல்ல பிள்ளை கம்பெனி அனுப்பிய ஆள் என்று புரிந்தது. நாங்கள் உபசரித்து, ஆப்பிள் நறுக்கிக் கொடுத்து, கவிழ்த்து வைத்த ஃபோனில் வாக்குமூலமும் பதிந்து கொடுத்து அனுப்பியிருக்கிறோம். மதினியின் வழக்கில் இத்தனை வருடத்தில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன ஒரே இடம் அந்தக் கம்பெனிதான். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கம் யார் வந்து நலம் விசாரித்தாலும் முதலில் நீங்கள் அவரை விசாரியுங்கள்.

டாக்டரிடம் ஓடினோம். சுவர் லேசாக வளைந்திருப்பது பாதிப் பேருக்கு உண்டு, எப்போது தொந்தரவாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது என்று கடிதம் தந்தார். கம்பெனி அதை வாங்கிக்கொண்டு, தகவல் சொன்ன உறவினரே தனக்கு நேரடியாகத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபடி பார்ப்போம் என்றது.

சோழவந்தானுக்குப் போனோம். மதினி கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தப் பையனை நம்பிப் பேசியதற்கு அவருக்கு வருத்தம்தான். கண்கூடக் கலங்கியது.

"தெரியாதுன்னு எழுதுனாப் போதும்க்கா" என்றார் கணவர். "ஒனக்கு நெசமாத் தெரியாதுல்ல."

"எப்படிடா எழுதுவேன்? தெரியாதுன்னு எழுதுனா, நான் இம்புட்டு வருசமாப் பொய் சொன்னேன்னுல ஆயிரும். திருமங்கலத்துக்காரி அதக் கண்ணாடி போட்டு மாட்டிருவா."

அது பொய்யில்லை. என் அம்மா முந்தைய நாளே ஃபோனில், "அவ எழுதித் தந்தா எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையி" என்று சொல்லியிருந்தார். ஒரு பெண்ணின் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டு கிழங்களுக்கு என் மூக்குதான் பெரிது. பஸ்ஸில் திரும்பும்போது வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பீல் மட்டும் அனுப்பினோம். அது இன்று வரை பரிசீலனையில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தார். ஒரு பையில் தேங்காய், ஒரு தூக்குவாளியில் ரசம். முந்தானையிலிருந்து துண்டில் சுற்றிய கட்டை எடுத்து என் மகள் மடியில் வைத்தார். தோப்புக் குத்தகைப் பணம்.

"காலேசுக்குக் கட்டு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது கடனில்ல. ஒன் மூக்குக்கும் இல்ல. என் தம்பி மகளுக்கு. மூக்கு ஒங்காத்தா வீட்டுச் சாமான், அதுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?"

ஒரு கையெழுத்துப் போடாமலிருக்க அவ்வளவு பணம். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அழுதால் மூக்கு அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டேன். விஷயம் தெரிந்து அம்மா ஃபோன் செய்தார். "காச வாங்காத, எழுத்த வாங்கு" என்றார். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

முந்தானையின் இன்னொரு முடிச்சிலிருந்து என் மூக்குத்தி வந்தது. அதை அவரே போட்டுவிட்டார். இலை போட்டு, தூக்குவாளியைத் திறந்தேன்.

"மதினி, பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டியளோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு வாடை தெரியுதா?"

"தெரியுது மதினி."

சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நன்றாக யோசித்த பிறகு சொன்னார்.

"ஏத்தா, ஒண்ணு செய்யலாம். நோவு எங்கேருந்து வந்துச்சுங்கிறத நான் மாத்தி எழுத மாட்டேன். ஆனா சொகமானது எங்க வீட்டுக்கு வந்த பெறகுதான? பேப்பர் கொண்டா, அத வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். கம்பெனிக்கு ஒண்ணு அனுப்பு, திருமங்கலத்துக்கு ஒண்ணு அனுப்பு."